வான்கோழி சூப்புக்குப் புளி கோப்பையில் விடுங்கள்: கனடாவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சென்ற நத்தாருக்கு மறுநாள், ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியேறி நான்கு மாதங்களே ஆன எங்கள் உறவினரைப் பார்க்கப் போயிருந்தேன். அடுப்பின் மேல் ஒரு பெரிய சட்டி மூடியபடி இருந்தது. அது முதல் நாள் இரவு பத்து மணிக்கு இறக்கிய வான்கோழி சூப் என்றும், தேசிக்காய்ப் புளி விட்டு நல்ல வாசமாக இருக்கிறது என்றும், ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் அந்தத் தங்கை அன்போடு சொன்னாள். நான் குடிக்கவில்லை, அதை யாருக்கும் கொடுக்காமல் வெளியே கொட்டிவிடச் சொன்னேன். அவளுடைய முகம் வாடியது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 2013 ஆம் ஆண்டு நத்தாரில் யாராவது எங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால், என் அம்மா கனடாவில் தன் முதல் மாதத்தை மருத்துவமனைக் கட்டிலில் முடித்திருக்க மாட்டார்.

அந்த ஆண்டு என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உறைய வைத்த வான்கோழி ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறு கிலோ இருக்கும். அயலவர் சொல்லித் தந்தபடி அதை அவணில் வேகவைத்து, உறவினரை அழைத்து உண்டோம். உண்டு முடித்த பின்னும் எலும்போடு ஒட்டிய இறைச்சி இரண்டு தட்டு நிறைய மிஞ்சியிருந்தது. வடமராட்சியில் இருந்து மூன்று வாரங்களுக்கு முன் வந்திருந்த அம்மா, அந்த எலும்பை வீணாக்க மனம் வராமல், மல்லியும் மிளகும் சீரகமும் உள்ளியும் இடித்துப் போட்டு ஒரு பெரிய சட்டி சூப் வைத்தார். எல்லோரும் இரவு குடித்தோம். மிஞ்சியது நாலு லீற்றருக்குக் குறையாது. “பிள்ளை, ஒருக்காக் கொதிக்க வைச்சு மூடி விடு, விடியப் பார்ப்பம்” என்றார். ஊரில் நாங்கள் எல்லோரும் செய்தது அதுதான். நானும் அப்படியே செய்தேன்.

காலையில் நான் செய்த தவறுதான் எங்களுக்குப் பெரிய விலையாக முடிந்தது. இரவே சட்டிக்குள் தேசிக்காய்ப் புளி விட்டிருந்தோம். புளி விட்டதைத் திரும்பக் கொதிக்க வைத்தால் கசக்கும் என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். சொதிக்குக்கூட இறக்கிய பிறகுதான் புளி விடுவோம். ஆகவே கசந்துவிடக் கூடாது என்று நினைத்து இளஞ்சூடாக மட்டும் சூடாக்கி, மதியம் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். நள்ளிரவுக்குள் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் தொடங்கின. நாங்கள் ஒரு நாளில் தேறிவிட்டோம். நீரிழிவு நோயாளியான அம்மா எழுந்து நிற்க முடியாமல் போனார். அக்காலத்தில் ஒன்ராறியோவில் புதிதாக வந்த நிரந்தரவாசிகள் அரச மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், மருத்துவமனைக் கட்டணம் முழுவதையும் நாங்களே செலுத்தினோம். என் கணவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. இப்போது வருபவர்கள் தாமதிக்காமல் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் சுகாதார அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அவசரம் இல்லாத மருத்துவ ஐயங்களுக்கு 811 ஐ அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். இவற்றை மற்றவர்களும் உங்களுக்குச் சொல்வார்கள். சட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

“ஊரில் இப்படித்தானே வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஊரில் காலையில் வாங்கிய கோழியைச் சிறிய சட்டியில் சமைத்து இரவுக்குள் முடித்துவிடுவோம். மறுநாளுக்கு எடுத்து வைக்கும் மீன்குழம்பில் பழப்புளி நிறைய இருக்கும், அந்தப் புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது. வான்கோழி எலும்புச் சாறு அப்படிப்பட்டதல்ல. அதில் இறைச்சிச் சத்து உண்டு, புளிப்பு இல்லை. நாலு லீற்றருக்கு இரண்டு தேசிக்காய் பிழிந்தால் வாசம் வருமே ஒழிய, கிருமியைத் தடுக்கும் அளவுக்குப் புளிக்காது. இறைச்சியில் இருக்கக்கூடிய குளொஸ்ரிடியம் பெர்பிரின்ஜன்ஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். கொதித்த சாற்றில் காற்று குறைவு, மேலே கொழுப்புப் படலம், அதற்கு மேல் மூடி: காற்றில்லாமல் வளரும் அந்தக் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. பெரிய சட்டி ஆறுவதற்குப் பல மணி நேரம் எடுக்கும். பனிக்காலத்தில் வெப்பமூட்டிய நிலக்கீழ் வீட்டில், வெப்ப உலை பக்கத்திலேயே இருந்தால், இன்னும் மெதுவாகத்தான் ஆறும். 60 பாகை செல்சியசுக்குக் கீழும் 4 பாகைக்கு மேலும் உள்ள அந்த இடைவெளியில் சட்டி இரவு முழுவதும் கிடந்ததால் வித்திகள் முளைத்துக் கிருமி பெருகியது, காலையில் காட்டிய இளஞ்சூட்டில் அது சாகவும் இல்லை. அதுதான் எங்களுக்கு நேர்ந்த கேடு. பனி கொட்டுகிறது என்று சட்டியைப் பல்கனியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெயில் பட்டால் அங்கும் வெப்பம் ஏறும் என்பதால் அதையும் நம்பாதீர்கள்.

இனி, சூப் வைக்கும் முறை. வான்கோழியை அவணிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்ளே திணித்திருக்கும் பாண் கலவையை முழுவதும் அகற்றுங்கள். அதிலுள்ள சேஜ் இலையின் மணம் எங்கள் சரக்கோடு சேராது. தோலையும் எடுத்துவிட்டால்தான் சாறு நெய்ப்பற்றில்லாமல் இலேசாக வரும். எலும்பை முறித்து, அது மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் விட்டு, ஒரு வெங்காயம், இரண்டு விரல் நீள இஞ்சி, ஒரு துண்டு ரம்பை சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணி நேரம் வைத்து வடியுங்கள். இங்கு விற்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், ஆகவே ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

நாலு பேருக்கு ஒன்றரை லீற்றர் சாறு போதும். ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒவ்வொரு தேக்கரண்டி மிளகும் சின்னச்சீரகமும் இலேசாக வறுத்து, நாலு பல்லு உள்ளியோடு ஒன்றிரண்டாக இடித்துச் சாற்றில் போட்டு, பிய்த்த இறைச்சியும் கறிவேப்பிலையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். யாழ்ப்பாணத்து வறுத்த தூளைப் போடவே வேண்டாம். அது சாற்றைக் கறியாக்கிவிடும். வெள்ளைப் பகுதி படாமல் சீவிய தோடம்பழத் தோல் ஒரு துண்டை கடைசி இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் அம்மாவே வியந்த வாசம் வரும். கடைகளில் மஞ்சளாக இருப்பது லெமன், பச்சையாக இருப்பதுதான் எங்கள் தேசிக்காய்க்குக் கிட்ட வரும். ஆனாலும் எங்கள் வளவில் பின்பக்கக் கிணற்றடியில் காய்த்த அந்தச் சிறிய தேசிக்காயின் மணம் இங்கே எதிலும் இல்லை. பாதித் தேசிக்காயை ஒவ்வொருவரும் தங்கள் கோப்பைக்குள் பிழிந்துகொள்ள வேண்டும். சட்டிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. அப்போதுதான் மறுநாள் கசக்கும் என்ற பயமில்லாமல், அந்தச் சட்டியைப் பொங்கிக் கொதிக்க விடலாம்.

மிஞ்சும் சாற்றைச் சட்டியோடு குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். நடுப்பகுதி ஆறுவதற்குள் பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, சட்டியை அதில் இறக்கி, அகப்பையால் கிளறி ஆற்றுங்கள். பிறகு இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராதபடி தட்டையான பாத்திரங்களில் ஊற்றி உள்ளே வையுங்கள். மூன்று நாளுக்குள் குடித்து முடியுங்கள். முடியாததை முதல் நாளே உறைய வைத்துவிடுங்கள். தை மாதக் குளிரில் யாருக்காவது தடிமன் வந்தால், தேவையான அளவை மட்டும் எடுத்துப் பொங்கிக் கொதிக்க வைத்து, தேசிக்காயை வெட்டிப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்.