தையல் மெஷின் பக்கத்திலேயே ஓர் இஸ்திரிப் பலகை

பிளவுஸ் தைக்கப் பழகிய புதிதில், கழுத்துப் பட்டிக்கு நான் ஒட்டும் கேன்வாஸ் (சூடு பட்டால் ஒட்டும் பசை தடவிய விறைப்புத் துணி) ஒவ்வொரு முறையும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். கேன்வாஸ்தான் மட்டம் என்று நினைத்து இரண்டு கடை மாறினேன். கோளாறு அதில் இல்லை, நான் இஸ்திரி போட்ட இடத்தில். கட்டில் மெத்தை மேல் போர்வையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுத்த அழுத்த மெத்தை குழிந்துகொண்டே போகும். கேன்வாஸில் இருக்கும் பசை உருகும், ஆனால் துணியோடு சேராது.

கடையில் விற்கும் மடக்கு டேபிள் சட்டை தேய்க்கச் சரி. தையலுக்கு அதன் ஸ்பாஞ்ச் மெத்தென்று இருப்பதே இடைஞ்சல். போதாக்குறைக்கு அதை விரித்தால் என் அறைக் கதவு திறக்காது. தெருமுனை இஸ்திரி வண்டியைப் பாருங்கள். மரப்பலகை, மேலே கனத்த போர்வை, அதற்கு மேல் பருத்தித் துணி. அதையே சின்ன அளவில் செய்துகொள்ளலாம்.

முதலில் பலகை. 18 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 1½ அடி. முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி வரும், அது தேவையில்லை. பிளைவுட் கடையிலோ தச்சரிடமோ துண்டு இருந்தால் அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். சன்மைகா ஒட்டிய பலகையும் வேண்டாம், ஆவி கீழே இறங்க வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடும். ஓரங்களில் சிலாம்பு இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது போர்வை. நான் சறுக்கியது இங்கேதான். சுத்தமான கம்பளி என்று சொல்லி விற்றதை, விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். முதல் வாரமே, பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தபோது ஒரு நாற்றம். உறை ஓரிடத்தில் கட்டியாக இறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் போர்வை உருகிப் பலகையோடு ஒட்டியிருக்கிறது! செயற்கை நூல். அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. போர்வையிலிருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல ஆனால் அது செயற்கை, ஒதுக்கிவிடுங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நூல் என்று இரண்டையும் கொளுத்த வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறுவேறாக இருக்கலாம்.

நல்ல கம்பளி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பழைய பருத்திப் பெட்ஷீட்டை நான்கைந்து மடிப்பாகப் போடலாம். கம்பளி என்றால் இரண்டு அடுக்கு போதும். எதுவானாலும் பலகை அளவுக்குச் சரியாக வெட்டுங்கள்.

உறைக்கு வெள்ளைக் காடாத் துணி. சாயத் துணி போட்டால் ஆவியில் சாயம் இளகி, தைக்கும் துணியில் ஏறிவிடலாம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம் 30 அங்குலத்துக்கு 24 அங்குலம் வெட்டுங்கள். ஊறவைக்காமல் போட்டால் பின்னால் சுருங்கி இழுக்கும்.

இப்போது உறையைத் தரையில் விரித்து, அதன்மேல் போர்வை, அதன்மேல் பலகை. உறையின் ஓரங்களைப் பலகையின் பின்பக்கத்துக்கு மடித்து அடிக்க வேண்டும். மரத்தில் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் கன் இருந்தால் அரை மணி நேர வேலை. சின்ன ஆணியும் சுத்தியலும் போதும் என்பவர்கள் உண்டு. நான் கன்னைத்தான் சொல்வேன், ஒரு கையால் துணியை இழுத்துக்கொண்டே மறுகையால் அடிக்கலாம். பசை வேண்டவே வேண்டாம், உறை அழுக்கானால் கழற்ற முடியாது. முதல் பின்னை ஒரு பக்கத்து நடுவில் அடியுங்கள். அடுத்தது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து நடுவில், துணியை நன்றாக இழுத்து. மற்ற இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போங்கள். மூலையிலிருந்து ஆரம்பித்தால் துணி கோணலாக இழுத்து, மேலே அலை அலையாக நிற்கும்.

கேன்வாஸ் ஒட்டும்போது பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள்.

பிற்சேர்க்கை: ஸ்டீம் அயர்ன் பயன்படுத்தும் ஒருவர், பலகையின் அடியில் பூஞ்சை பிடித்ததாக எழுதியிருந்தார். வேலை முடிந்ததும் மேஜையிலேயே படுக்கப் போடாமல் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், இரண்டு பக்கமும் காற்றுப் படட்டும். இன்னொருவருக்கு, அடியில் துருத்திய பின்கள் மேஜையைக் கீறிவிட்டனவாம். பின்களைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பலகைக்கு அடியில் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பலகை வழுக்காமலும் இருக்கும்.