பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கும்போது செய்யக்கூடாதவை

மூணாறில் ரயில் ஓடியது என்றால் போடியிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 1902ல் வந்தது ஒற்றைத் தண்டவாளம், வண்டியை இழுத்தது மாடு. 1908ல் அது இரண்டடி அகலப் பாதையாக மாறி எஞ்சின் ஓடியது. மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற ஊர் வரை போன தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் அடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டிப் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அந்தப் பக்கம் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கங்கே மிச்சமிருக்கும் இதுபோன்ற தடங்களைச் சுத்தம் செய்து நடக்க, சைக்கிள் ஓட்டப் பாதை போடலாம் என்று இளைஞர்கள் கிளம்புவது நல்ல விஷயம். ஆனால் ஆர்வத்தில் முதலில் அருவாளைத்தான் எடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

ரயிலைக் கொன்ற அதே தண்ணீர்தான் நடைபாதையையும் கொல்லும். மலையோரப் பாதையில் மேட்டுப் பக்கம் ஒரு ஓடையும், தடத்துக்கு அடியில் கல்லால் கட்டிய சிறுபாலங்களும் இருக்கும். நூறு வருஷ மண்ணும் சருகும் அடைத்து அவை கண்ணுக்கே தெரியாது. அதைத் தோண்டாமல் மேலே செம்மண் கொட்டிச் சமன் செய்தால், முதல் ஆனி மழையிலேயே பாதை பள்ளத்தில் கிடக்கும். வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தடத்தைத் தாண்டுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரைபடத்தையும்விட அந்தக் குறிப்பு உதவும். நடைபாதையையும் தட்டையாக விடக்கூடாது. மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை பள்ளத்துப் பக்கம் சாய்வு கொடுத்தால் தண்ணீர் தானே வழிந்துவிடும்.

அடுத்தது சிமெண்ட் மோகம். பழைய தாங்குசுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். பார்க்கிறவருக்கு அது ஓட்டை, சுவருக்கு மூச்சு. மலைக்குள் ஊறும் தண்ணீர் அந்த வழியாகத்தான் கசிந்து வெளியேறுகிறது. அழகாக இருக்கட்டும் என்று பூசி அடைத்தால், உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரையே முன்னால் தள்ளிவிடும். சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் வேரோடு பிடுங்கவும் வேண்டாம், வேருடன் கல்லும் வந்துவிடும். சுவரோடு ஒட்ட வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே வந்தால் போதும்.

ஜேசிபி பற்றி ஒரே வரி: ஒரு நாளில் வேலை முடியும், ரயில் தடம் என்பதற்கான அடையாளமும் முடியும்.

ரயில் தடத்தின் பெரிய சொத்து அதன் சாய்வு. எஞ்சின் செங்குத்தாக ஏறாது, அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏற்றியிருப்பார்கள். மூட்டு வலிக்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் போக முடிவது அதனால்தான். பாலம் இடிந்த இடத்தில் படி வெட்டி இறக்கி ஏற்றினால் அந்தச் சொத்தே போச்சு. பழைய மட்டத்திலேயே சின்ன நடைபாலம் போடுங்கள். ஒரு பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

தண்டவாளம் போய்விட்டது என்பதற்காக நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. மூணாறு பக்கம் தேயிலைக் கம்பெனி, வருவாய்த் துறை, வனத் துறை என்று இடத்துக்கு இடம் மூவர் கையில் இருக்கும். டாப் ஸ்டேஷனோ தேனி மாவட்டத்தின் கொட்டகுடி ஊராட்சியில் வருகிறது. ஆக, இரண்டு மாநில அலுவலகங்களின் படி ஏற வேண்டும். வாய்ப்பேச்சு அனுமதியை நம்பாமல், எழுத்தில் வாங்கிய பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள்.

காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டாப் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மலைச்சரிவு அது.

அப்புறம், அந்தத் தடத்தில் ஏற்கெனவே நடக்கிறவர்கள். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தினசரி வழி. கேட் போட்டுப் பூட்டி, டிக்கெட் வைத்தால் ஊரே எதிரியாகிவிடும். யானைகள் வழக்கமாக நடக்கும் யானைத்தாரை எங்கே தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அங்கே பெஞ்சும் நிழற்கூரையும் போட்டுவிடாதீர்கள்.

திறப்பு விழா முடிந்ததும் குழு கலைந்துபோவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பொறுப்பு என்று பெயரோடு எழுதி வையுங்கள். மூணாறு பக்கம் வைகாசிக்குள் சிறுபாலத்தின் மடைவாயில் அடைப்பை எடுத்துத் திறந்துவிட வேண்டும். கொட்டகுடிப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில், அங்கே புரட்டாசியில் இன்னொரு முறை.