கடுவன் பூனைக்குட்டிக்கு எப்போது ஆபரேஷன்?

முகூர்த்தப் பட்டு. கத்தரிகூட வைக்கவில்லை, மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்திருந்தேன். எங்கள் கடுவன் பூனை செவலை அதற்கு முதுகைக் காட்டி நின்றான். வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டு, நுனியை மட்டும் நடுங்கவிட்டான். ஒரு நொடிதான், பட்டு மேல் மூத்திரத்தைப் பீச்சிவிட்டான். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு நான் துணிக்காசு கொடுத்தேன். அப்போது அவனுக்கு ஏழு மாசம். தை மாச ஆர்டர் முடியட்டும் என்று விதை எடுக்கும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது நான்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகும் அவன் முழுசாகத் திருந்தவில்லை. பெரும்பாலான கடுவன்கள் நிறுத்திவிடும்; பத்தில் ஒன்று விடாது. என் வீட்டுக்கு அந்த ஒன்று வாய்த்திருக்கிறது. அதனால் இப்போது மூன்று கடுவன் குட்டிகள் சேர்ந்தபோது, நாலரை மாசத்திலேயே மூன்றுக்கும் ஒரே நாளில் முடித்துவிட்டேன்.

ஒற்றைப் பூனை வளர்க்கிறவர்கள் கொஞ்சம் ஆற அமர யோசிக்கலாம். நாலைந்து பூனை புழங்கும் வீட்டில் குட்டியின் வயசை மட்டும் பார்த்தால் போதாது, கூட யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆபரேஷன் ஆகாத பெட்டை ஒன்று இருந்தாலும் கெடு அவளை வைத்துத்தான். பெட்டைக்குட்டி நாலு மாசத்திலேயே சூட்டுக்கு வரலாம், கடுவன் ஐந்து மாசத்தில் தயாராகிவிடலாம், சினைக்காலமோ 63 முதல் 65 நாள்தான். அம்மா, தங்கச்சி என்ற முறையெல்லாம் பூனைக்குக் கிடையாது. பால் கொடுக்கிற தாயே மறுபடி சூட்டுக்கு வருவாள், பெற்ற பிள்ளையே போதும். அதனால் நாலு மாசம் முடிந்ததும் நாள் குறியுங்கள், ஐந்தைத் தாண்ட விடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பெரிய கடுவன் இருந்தாலும் இதே கணக்குதான். குட்டி வளர வளர அவன் முறைப்பான், பிறகு கடிப்பான். பூனைக்கடி வெளியே ஊசிக்குத்து மாதிரி தெரியும், உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். பூனை எய்ட்ஸ் பரவுவதும் பெரும்பாலும் இந்தக் கடியில்தான்.

தெருவில் எடுத்த குட்டிக்கு வயசு எப்படித் தெரியும் என்பீர்கள். பல்லைப் பாருங்கள். மூன்றரை, நாலு மாசத்தில் முன்வரிசைப் பொடிப்பல் விழுந்து கொஞ்சம் பெரிய பல் முளைக்கும். கோரைப்பல் மாறுவது ஐந்து மாச வாக்கில். நான் கோரைப்பல் மாறும்வரை காத்திருப்பதில்லை. எடைக்கு, பழைய பேப்பர்க்காரர் வரும்போது குட்டியை மஞ்சப்பைக்குள் விட்டு அவர் தராசுக் கொக்கியில் மாட்டிவிடுவேன். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடும். மூன்றும் ஒன்றே முக்கால் கிலோவுக்கு முன்னே பின்னே இருந்தன. காப்பகங்களில் ஒரு கிலோ தாண்டினாலே, இரண்டு மாசத்திலேயே செய்கிறார்கள், பழகின டாக்டர் இருந்தால் போதும். நாலு மாசம் வரை பொறுப்பதில் ஒரு சௌகரியம், தடுப்பூசி முதல் இரண்டு தவணையாவது முடிந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டு மடியில் தூங்கும்போது வாலுக்குக் கீழே மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பட்டாணி மாதிரி இரண்டு விதை உருள வேண்டும். ஒன்றுதான் தட்டுப்படுகிறது என்றால் இன்னொன்று வயிற்றுக்குள்ளோ தொடைச்சந்திலோ தங்கியிருக்கும். அதை அப்படியே விட்டால் நாற்றமும் ரகளையும் நிற்காது, பின்னால் கட்டியாகவும் மாறலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது வேறு ஆபரேஷன்.

அண்ணன் தம்பிகள் விளையாட்டில் கழுத்தைக் கவ்வி மேலே ஏற ஆரம்பித்தால், மூத்திரத்தில் நெடி கூடினால், கெடு நெருங்கிவிட்டது. சுவரில் அடித்த பிறகு தேதி பார்ப்பது என் செவலைக் கதைதான். அடித்த இடத்தை பினாயில் போட்டுக் கழுவாதீர்கள், பூனை அதை நக்கினால் விஷம்.

சீக்கிரம் செய்தால் மூத்திரக்குழாய் சிறுத்து அடைத்துக்கொள்ளும் என்று என் நாத்தனார் பயமுறுத்தினார். அது பழைய பயம், ஆராய்ந்து பார்த்ததில் வித்தியாசம் இல்லை. எலும்பு மூடுவது கொஞ்சம் தாமதமாகி, உடம்பு சற்று நீளும், அவ்வளவே.

பெரிய பூனை மாதிரி குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணிவரை சோறு என்று கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குச் சொன்னது ஆபரேஷனுக்கு நாலு மணி நேரம் முன்பு வரை. கடுவனுக்கு வெட்டு சின்னது, பெரும்பாலும் தையல் போட மாட்டார்கள். தையல்காரி எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை! ஆனால் தானாக மூடிக்கொண்டது. ஒரு வாரம் பூனை வெளிக்குப் போகும் தட்டில் மண்ணுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள், மண் காயத்தில் ஒட்டும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

ஒரே நாளில் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒருவன் மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு வந்தால் மற்றதெல்லாம் அந்நியனைப் பார்த்த மாதிரி சீறும். மூன்றும் ஒரே நாற்றத்தோடு வந்ததால் அவர்களுக்குள் சண்டையே இல்லை. கிழட்டுப் பூனை மீனாட்சி மட்டும் சீறினாள். அவள் படுக்கும் வெட்டுத்துணியால் மூன்றையும் துடைத்துவிட்டேன், மறுநாள் சாயங்காலம் அடங்கினாள்.

விதையை எடுத்த அன்றே கவலை விட்டது என்று நினைக்காதீர்கள். குழாயில் விந்து மிச்சம் இருக்கும், ஒரு மாசம், ஒன்றரை மாசம் வரை சினை பிடிக்க வாய்ப்புண்டு. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த பெட்டை மணியை அத்தனை நாளும் மாடி அறையில் பூட்டி வைத்தேன். அவளுக்கும் மூன்றாம் வாரமே ஆபரேஷன் முடித்துவிட்டு, காயம் ஆறிய பிறகுதான் கதவைத் திறந்தேன்.