முதியோர் குடியிருப்பில் சிக்னலும் வாசல் கேமராவும்

குடியிருப்பில் செல்போன் சிக்னல் சரியில்லை என்று டவர் கேட்டு மனு எழுதும் முன் அளந்து பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பக்கத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போனும் ஒரு மாதிரி காட்டும். 4ஜியில் மைனஸ் 90 நல்ல அளவு, மைனஸ் 110க்குக் கீழே போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். ஒவ்வொரு வீட்டிலும் வாசல், படுக்கையருகே, குளியலறை என மூன்று இடத்தில் குறியுங்கள். குளியலறையை விட்டுவிடாதீர்கள், வழுக்கி விழுந்தவர் அங்கிருந்துதான் அழைக்க வேண்டியிருக்கும்.

வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் குறைந்தால், கான்கிரீட் சுவரோ உலோகப் பூச்சுக் கண்ணாடியோ தடுக்கிறது. வைஃபை அழைப்பை, அதாவது டவருக்குப் பதிலாக வீட்டு இணையம் வழியே பேசும் வசதியை, போனில் இயக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மின்சாரம் போனால் ரவுட்டரும் நின்றுவிடும், ஆகவே அதற்கு யுபிஎஸ் கட்டாயம். கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் 2ஜி, 3ஜியில் மட்டும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அந்தச் சேவை நிறுத்தப்பட்டால் பட்டன் பயன்படாது.

அடுத்து வாசல் கேமரா. வண்டி எண்ணைப் படிக்கத் தனிக் கேமரா வையுங்கள். முழுச் சாலையையும் காட்டும் கேமராவில் எண் பலகை வெறும் புள்ளிதான். படத்தில் அது 100 பிக்சல் அகலமாவது வரவேண்டும். பக்கவாட்டுக் கோணம் 30 பாகைக்குள். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை, தானியங்கியில் விட்டால் இரவில் மெதுவாகி எண் கலங்கும். 1/500 விநாடியில் பூட்டி, அகச்சிவப்பு விளக்கு சேருங்கள். படம் கறுப்பாகத் தெரியும், பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும். அதுதான் சரி. யாருடைய சன்னலாவது உள்ளே வந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள்.