கோல்ஃப் பந்தைக் கிரீனிலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கோல்ஃப் பழகத் தொடங்கிய பலரும் பந்து வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். ட்ரைவரில், அதாவது மிகத் தூரம் அடிக்கும் கிளப்பில் (மட்டையில்), எவ்வளவு தூரம் போகும்? பெட்டியிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் உங்கள் ஸ்கோருக்கு அவ்வளவாக உதவாது. ஆர்&ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய, கோல்ஃப் விதிகளை வகுக்கும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து பந்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன: எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. புறப்படும் வேகத்துக்கும் போகும் தூரத்துக்கும்கூட உச்சவரம்பு உண்டு. அதனால் எல்லா நல்ல நிறுவனங்களும் அந்த வரம்பை ஒட்டியேதான் பந்து செய்கின்றன. ட்ரைவரில் ஒன்றுக்கொன்று சில யார்டுகள் வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான்.

நிஜமான வித்தியாசம் தெரியும் இடம் கிரீனும் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) அதைச் சுற்றியுள்ள 50 யார்டும். வழக்கமான 18 குழி மைதானத்தில் ட்ரைவரை அதிகபட்சம் 14 தடவை எடுப்பீர்கள். புதியவர்களுக்குப் பட் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) மட்டுமே 30-ஐத் தாண்டிவிடும், சிப் (கிரீன் ஓரத்திலிருந்து தாழ்வாகத் தட்டுவது), பிட்ச் (இன்னும் தள்ளியிருந்து தூக்கி அடிப்பது) எல்லாம் தனிக்கணக்கு. ஆகவே நான் எப்போதும் சொல்வது இதுதான்: பட்டரில் தொடங்குங்கள், அப்புறம் சிப், அப்புறம் பிட்ச், அயர்ன் (நடுத்தரத் தூர அடிகளுக்கான கிளப்) என்று பின்னோக்கி வாருங்கள், ட்ரைவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கவரைப் பாருங்கள்

பெட்டியைத் திருப்பினால் பந்தின் கவர் எந்தப் பொருள் என்று பொதுவாக எழுதியிருக்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஐயனோமரா, யூரித்தேனா என்பதை மட்டும்தான். (சர்லின் என்று எழுதியிருந்தால் அதுவும் ஐயனோமர்தான், டுபாண்ட் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் அது.) ஐயனோமர் உறுதியானது, சீக்கிரம் கீறல் விழாது, விலை குறைவு. யூரித்தேன் மென்மையானது, வெட்ஜின் (சிப், பிட்ச் அடிக்கும், முகம் சாய்ந்த கிளப்) முகத்தில் உள்ள கோடுகளைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சின்ன அடிகளிலும் ஸ்பின் (கிரீனில் பந்தை நிறுத்தும் பின்சுழற்சி) அதிகம் வரும்.

கேலவே சூப்பர்சாஃப்ட், வில்சன் டுவோ சாஃப்ட், ஸ்ரிக்ஸான் சாஃப்ட் ஃபீல் எல்லாம் ஐயனோமர் கவர் போட்ட இரண்டு அடுக்குப் பந்துகள்: ஒரு ரப்பர் கோர், மேலே ஒரு கவர். டைட்லிஸ்ட் ப்ரோ வி1, டெய்லர்மேட் டிபி5, ஸ்ரிக்ஸான் இசட்-ஸ்டார் எல்லாம் யூரித்தேன், மூன்று முதல் ஐந்து அடுக்கு வரை. நடுவே ஸ்ரிக்ஸான் கியூ-ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ் மாதிரி, யூரித்தேன் கவரோடு விலையும் கொஞ்சம் குறைவாக வரும் பந்துகள் இருக்கின்றன. புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்த நடு வரிசையைத்தான், என் கணக்கில் கொடுக்கும் காசுக்கு மிக நல்ல மதிப்பு இங்கேதான் கிடைக்கிறது.

அடுக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அடுக்கு கூடக் கூட பந்து நல்லது என்று அர்த்தமில்லை. யூரித்தேன் பந்தில் மெல்லிய மென்கவருக்குக் கீழே ஓர் உறுதியான அடுக்கு இருக்கும், வெட்ஜால் தட்டும்போது கவர் அந்த உறுதியான அடுக்குக்கும் வெட்ஜின் முகத்துக்கும் நடுவே நசுங்குவதால்தான் ஸ்பின் பிறக்கிறது. ட்ரைவரால் ஓங்கி அடிக்கும்போது கோர் வரைக்கும் முழுப் பந்தும் அமுங்கும், அங்கே ஸ்பின் குறையும். ஒரே பந்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வது இந்த அமைப்பால்தான்.

'சாஃப்ட்' என்ற சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

இதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பந்து மென்மையாக இருந்தால் கிரீனில் நன்றாக நிற்கும் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2000-க்கு முன்பு பல ஆண்டுகள் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் ஆடியது, உள்ளே ரப்பர் நூல் சுற்றி மேலே பலாட்டா என்ற மென்மையான ரப்பர் வகைக் கவர் போட்ட பந்து. தொட்டால் மென்மை, ஸ்பின்னும் அதிகம், ஆனால் ஒரு அடி தவறினால் கவர் வெட்டுப்பட்டுவிடும். அதற்கு நேர்மாறாக, அமெச்சூர்கள் வாங்கிய தூரப் பந்துகள் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், கிரீனில் ஓடிக்கொண்டே போகும். மென்மை என்றால் ஸ்பின், கெட்டி என்றால் தூரம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

2000-ல் டைகர் வுட்ஸ் நூல் சுற்றாத, திடக் கோர் கொண்ட நைக்கி பந்துக்கு மாறினார். அதே ஆண்டு அக்டோபரில் டைட்லிஸ்ட் ப்ரோ வி1-ஐத் தொழில்முறை டூரில் (போட்டித் தொடரில்) இறக்கியது. அதற்குப் பிறகு நூல் சுற்றிய பந்து மிக வேகமாகக் காணாமல் போனது. மென்மையும் ஸ்பின்னும் பிரிந்துபோனது அப்போதுதான். இன்றைக்குக் கடையில் கையால் தட்டிப் பார்த்தால் மிக மென்மையாகத் தோன்றும் பந்துகளில் பல, கிரீனைச் சுற்றி மிகக் குறைவாக ஸ்பின் கொடுப்பவை. மென்மையான கோர், மேலே ஐயனோமர் கவர், அதுதான் காரணம். ப்ரோ வி1எக்ஸ் ப்ரோ வி1-ஐவிடக் கெட்டியாகத் தெரியும், ஆனாலும் வெட்ஜில் தாராளமாக ஸ்பின் கொடுக்கும். ஃபீல் (அடிக்கும்போது கிடைக்கும் உணர்வு) வேறு, ஸ்பின் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் என்று ஓர் எண் சொல்வார்கள். பந்து எவ்வளவு அமுங்கும் என்பதன் அளவு அது. சூப்பர்சாஃப்ட் மாதிரிப் பந்துகள் 40-ஐ ஒட்டி இருக்கும், டூர் பந்துகள் (தொழில்முறை வீரர்கள் ஆடும் ப்ரோ வி1 மாதிரியானவை) பெரும்பாலும் 85-லிருந்து 100 வரை. இதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவீட்டு முறை கிடையாது என்பதால் ஒரு நிறுவனத்தின் 70-ஐ இன்னொரு நிறுவனத்தின் 70-ஓடு வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஃபீலைச் சோதிப்பது

மூன்று மாடல்கள் போதும். ஐயனோமரில் ஒன்று, நடு விலை யூரித்தேனில் ஒன்று, டூர் பந்தில் ஒன்று. மூன்றும் புதிதாக இருக்கட்டும். சில கடைகளில் மூன்று பந்து அடங்கிய சின்ன உறையும் விற்கிறார்கள், டஜன் வாங்கவே வேண்டியதில்லை. பயிற்சி மைதானத்தில் தரும் ரேஞ்ச் பந்தை இந்தச் சோதனைக்குள் கொண்டுவரவே கூடாது, அது அடி தாங்குவதற்காகச் செய்தது, அதன் ஃபீல் உங்களுக்கு எதையும் சொல்லாது.

பயிற்சிக் கிரீனுக்குப் போங்கள், கூட ஒரு நண்பர் இருந்தால் நல்லது. பிராண்டு பெயர் தெரிந்தாலே மனது ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதனால் மார்க்கர் பேனாவால் பெயரை மறைத்து அ, ஆ, இ என்று குறித்துவிடுங்கள். எது எது என்று நண்பருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர் வரிசையை மாற்றி மாற்றி வைக்க, நீங்கள் ஐந்தடி தூரத்திலிருந்தும் இருபதடி தூரத்திலிருந்தும் பட் செய்யுங்கள். ஒவ்வொரு பட்டுக்குப் பிறகும் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: சத்தம் எப்படி இருந்தது, பந்து நீங்கள் நினைத்த தூரம் போனதா. 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் பிறகு எதுவும் புரியாது. டிக் என்று கேட்டதா, டப் என்று அமுங்கியதா, குழிக்கு முன்னால் நின்றதா, தாண்டிப் போனதா என்று எழுதுங்கள்.

சத்தத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நாம் ஃபீல் என்று சொல்வதில் பெரும்பங்கு காதில்தான் இருக்கிறது. ட்ரைவரில் பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கைக்கு அதிர்வு வந்து நாம் உணர்வதற்குள் பந்து போய்விட்டது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்களும், அடியின் ஒலிக்கும் ஆடியவர்கள் சொன்ன ஃபீலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம், காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொண்டு அதே பட்களைத் திரும்ப அடித்துப் பாருங்கள். முன்பு ரொம்ப வித்தியாசமாகத் தெரிந்த இரண்டு பந்துகள் இப்போது ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தால், உங்களுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அவற்றின் சத்தம்தான்.

அதனால் ஃபீல் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பட்டின் தூரத்தைக் கணிக்கக் காது உண்மையாகவே உதவுகிறது. அடித்த வேகத்தையும் கேட்ட சத்தத்தையும் மூளை சேர்த்துப் பழகிக்கொள்கிறது. சத்தம் பிடிக்காத பந்தோடு நான்கு மணி நேரம் ஆடுவதும் சுகமில்லை. ஒன்று மட்டும், அந்தச் சத்தத்தில் உங்கள் பட்டருக்கும் பங்கு உண்டு. முகத்தில் மென்மையான இன்சர்ட் வைத்த பட்டர் கெட்டியான பந்தையும் அமைதியாக்கிவிடும், முழு இரும்பு முகம் மென்மையான பந்தையும் டிக் என்று சொல்ல வைக்கும். ஆகவே சோதனையை உங்கள் சொந்தப் பட்டரிலேயே செய்யுங்கள், கடையில் உள்ளதை எடுத்துச் செய்யாதீர்கள். அதேபோல கொடைக்கானல் மாதிரிக் குளிர் இடத்தில் காலை ஆறு மணிக்குத் தட்டிப் பார்த்த பந்து, வெயில் ஏறிய பிறகு வேறு மாதிரி இருக்கும், குளிரில் எல்லாப் பந்தும் கொஞ்சம் இறுகும். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே வெயிலில் சோதியுங்கள்.

அடுத்து சிப், பிட்ச்

இப்போது கிரீன் ஓரத்துக்கு வாருங்கள். வெட்ஜின் முகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், புல்லும் ஈரமும் இருந்தால் யூரித்தேனின் ஸ்பின்னும் குறைந்துவிடும், சோதனையே கெட்டுவிடும். 15 யார்டிலிருந்து தாழ்வான சிப், 40 யார்டிலிருந்து பிட்ச், ஒவ்வொரு பந்திலும் பத்துப் பத்து. அமெச்சூர் அடியில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம் என்பதால் இரண்டு மூன்று அடியை வைத்து முடிவு செய்ய முடியாது. மோசமாகப் பட்ட அடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பார்க்க வேண்டியது, விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது. ஐயனோமர் பந்து பொதுவாகச் சற்று உயரமாகக் கிளம்பி, விழுந்த பிறகு நீளமாக ஓடும். யூரித்தேன் தாழ்வாகக் கிளம்பி, ஒரு முறை குதித்து, பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஓடும் சிப் வசதியாக இருந்தால், எப்போதும் ஒரே அளவு ஓடுகிறது என்றால், ஐயனோமரிலேயே இருக்கலாம், அதில் குறையே இல்லை. பங்கருக்கு (மணல் பள்ளத்துக்கு) பின்னால் குழியின் கொடி நிற்கும்போது பந்து கிரீனைத் தாண்டித் தாண்டிப் போகிறது என்றால் யூரித்தேனுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ட்ரைவர்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். மெதுவாக வீசுபவர்கள் கம்ப்ரஷன் குறைந்த பந்துதான் வாங்க வேண்டும், இல்லையென்றால் பந்து அமுங்காது என்று ஒரு பேச்சு உண்டு. எந்த வேகத்தில் அடித்தாலும் பந்து அமுங்கத்தான் செய்யும். வேகமாக வீசுபவருக்கு மிக மென்மையான பந்தில் கொஞ்சம் வேகம் இழப்பு வரும், மெதுவாக வீசுபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சிறியது. ஆகவே இந்த இடத்தில் கம்ப்ரஷனைப் பற்றிக் கவலைப்படாமல் ஃபீலைப் பார்த்தே முடிவெடுக்கலாம். ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைந்து போகும் அடி) அடிப்பவர்களுக்கு ஸ்பின் குறைந்த பந்து கொஞ்சம் நேராகப் போவதாகத் தெரியும், ஆனால் பந்தை மாற்றி ஸ்லைஸைக் குணப்படுத்த முடியாது, அதற்குப் பயிற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

காசும் பழைய பந்தும்

அமெரிக்காவில் டூர் பந்து டஜன் 50 டாலரைத் தாண்டிவிட்டது, ஐயனோமர் பந்து 20, 25 டாலருக்குக் கிடைக்கிறது. ஒரு ரவுண்டில் ஐந்து, ஆறு பந்தைத் தொலைக்கும் நிலையில் இருப்பவர்கள் டூர் பந்து வாங்க வேண்டாம். தொலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே தண்ணீரைத் தாண்டி அடிக்கும்போது கை இறுகிவிடும், அது ஸ்கோரை இன்னும் கெடுக்கும். பழைய பந்து வாங்குவதாக இருந்தால், கழுவித் தரம் பிரித்து விற்பதை மட்டும் வாங்குங்கள். மேல்பூச்சை உரித்து மறுபடி பெயின்ட் அடித்த பந்துகளும் விற்கிறார்கள், பார்க்கப் புதிதாக இருக்கும், டிம்பிளின் (பந்தின் மேல் உள்ள சிறு பள்ளங்களின்) ஆழம் மாறியிருக்கும் என்பதால் காற்றில் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

முடிவெடுத்த பிறகு

மூன்றில் இரண்டு மாடலுக்கு நடுவே இன்னும் தயக்கம் இருந்தால், மைதானத்தில் ஒரு குழிக்கு ஒன்று, அடுத்த குழிக்கு மற்றது என்று மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். ஒரு குழியை முடித்த பிறகு பந்தை மாற்ற விதி அனுமதிக்கிறது. ஒரு ரவுண்டு முழுக்க ஒரே மாடல்தான் ஆட வேண்டும் என்பது பெரிய போட்டிகளில் மட்டும் சேர்க்கப்படும் தனி விதி. ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு அந்த மாடலிலேயே நில்லுங்கள், பயிற்சிப் பட்டும் அதிலேயே அடியுங்கள். புதருக்குள் கிடைத்த பந்தையெல்லாம் பையில் போட்டு ஆடினால், ஒவ்வொரு சிப்பும் வேறு வேறு தூரம் ஓடும், தவறு கையிலா பந்திலா என்று கடைசிவரை தெரியாது. பந்தின் மேல் உள்ள 1, 2, 3, 4 என்ற எண் அடையாளத்துக்கு மட்டும்தான், அதைப் பார்த்துத் தேடி வாங்க வேண்டியதில்லை.

ப்ரோ வி1 மாதிரிப் பந்துகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும், அப்போது கடைகளில் பழைய பதிப்பின் விலை இறங்கும். உங்களுக்குப் பிடித்தது அந்தப் பழைய பதிப்பு என்றால் இரண்டு மூன்று டஜன் சேர்த்து வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.