செய்திக்குறிப்பை இணையத்துக்குக் கொண்டுபோகும்போது செய்யும் தவறுகள்

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஐவி லீ, வதந்தி பரவும் முன்பே நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். இன்றைய செய்திக்குறிப்புக்கு அதுதான் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு சுமார் நூறு வருடம் அந்தக் குறிப்பைப் படித்தது ஒரே வகை ஆள்தான்: செய்தி அறையில் உட்கார்ந்திருப்பவர். அவர் வெட்டுவார், தலைப்பை மாற்றுவார், பெருமைப் பேச்சைத் தூக்கி எறிவார். எவ்வளவு மோசமாக எழுதி அனுப்பினாலும் வாசகர் கையில் கிடைப்பது படிக்கிற மாதிரி இருந்ததற்கு அவர்தான் காரணம்.

இன்றைக்கு அவர் கண்ணில் படாமலேயே குறிப்பு நேராக வாசகரிடம் போய்விடுகிறது. தேடுபொறி வழியாகவோ, யாரோ பகிர்ந்த லிங்க் வழியாகவோ. 2006-ல் டாட் டெஃப்ரன் என்ற மக்கள் தொடர்பு நிபுணர் சமூக ஊடகத்துக்கென்று ஒரு செய்திக்குறிப்பு மாதிரியை வெளியிட்டார். தகவல், மேற்கோள், படம், லிங்க் எல்லாம் தனித்தனியாக, வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி இருந்தது அது. அந்த யோசனையின் சாரத்தை விட்டுவிட்டு, பழைய குறிப்பின் அடியில் நாலு ஹேஷ்டேக் ஒட்டுவதையே பலரும் நவீனமாக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்புபவை.

அலுவலக மொழியில் தலைப்பு

“வாடிக்கையாளர் நலனை மேம்படுத்தும் புதுமையான முன்னெடுப்பை பெருமையுடன் அறிவிக்கிறோம்.” இந்தத் தலைப்பில் செய்தி எங்கே? உள்ளே நாலாவது பத்தியில் இருக்கிறது: டிக்கெட்டை ரத்து செய்தால் இனி மூன்று நாளில் பணம் திரும்ப வரும். அதுதான் தலைப்பு. வேறெதுவும் இல்லை.

தேடுகிறவர் “கட்டணத் திருப்பளிப்பு நடைமுறை” என்று தட்டமாட்டார். “டிக்கெட் ரத்து பணம் எப்போது வரும்” என்றுதான் தட்டுவார். உங்கள் உதவி மையத்துக்கு வரும் கேள்விகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். தலைப்புக்கும் முதல் பத்திக்கும் தேவையான சொற்கள் அங்கேயே இருக்கும். காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரைத் தலைப்பின் முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஊரறிந்த பெயர் என்றால் முன்னால், இல்லையென்றால் பின்னால். தேடல் முடிவில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொற்கள் முதல் பாதியிலேயே வந்துவிட வேண்டும்.

கீவேர்டும் லிங்கும் திணிப்பது

இது நீளமாகப் பேச வேண்டிய விஷயம். ஏனென்றால் இதைப் பற்றி வெளியில் கொடுக்கப்படும் ஆலோசனைகளில் பாதி காலாவதியானவை.

பக்கத்தின் மறைவான பகுதியில் கீவேர்ட் பட்டியல், அதாவது மக்கள் தேடக்கூடிய சொற்களின் பட்டியல், எழுதுவதை இன்னும் சிலர் சடங்கு மாதிரி செய்கிறார்கள். இணையத் தேடலில் தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதோடு போனால் நேரம் மட்டும்தான் வீண். லிங்க் விஷயம் அப்படியல்ல, அது ஆபத்து. ஒரு காலத்தில் “மலிவு விலை காப்பீடு” மாதிரியான சொற்களுக்கு அடியில் நம் தளத்தின் லிங்க்கை வைத்து, அந்தக் குறிப்பை விநியோகச் சேவை மூலம் நூற்றுக்கணக்கான தளங்களில் ஏற்றுவார்கள். நூறு தளம் நம்மைப் பரிந்துரைப்பது போலத் தேடுபொறிக்குத் தெரியும் என்பது கணக்கு. 2013-ல் கூகுள் தன் விதிமுறைகளில், பிற தளங்களில் விநியோகிக்கப்படும் செய்திக்குறிப்புகளில் இப்படிக் கீவேர்டைக் கொண்டு லிங்க் கொடுப்பதை முறையற்ற லிங்க்குக்கு உதாரணமாகவே குறிப்பிட்டது.

அப்படியென்றால் லிங்க்கே கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம். வாசகருக்கு உதவும் ஒன்றிரண்டு போதும்: முழு அறிக்கை இங்கே, விண்ணப்பப் படிவம் இங்கே என்று. காசு கொடுத்து வெளியிடும் இடங்களில் அந்த லிங்க்குக்கு ‘நோஃபாலோ’ அல்லது ‘ஸ்பான்சர்டு’ என்ற குறி இருக்க வேண்டும். முதலாவது 2005-லும் இரண்டாவது 2019-லும் வந்தன. இது விளம்பரத் தொடர்பு, பரிந்துரையாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிகள் இவை.

விநியோகச் சேவைகள் வீண் என்று நான் சொல்லவரவில்லை. நிருபர் கண்ணில் பட அவை உதவலாம். ஆனால் “உங்கள் குறிப்பு 300 தளங்களில் வெளியானது” என்று அவர்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பெரும்பாலானவை யாரும் நுழையாத மூலையில் தானாக ஏறிய நகல்கள். மூலப் பிரதி உங்கள் தளத்தில், நிலையான முகவரியில், மற்ற நகல்களுக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் செய்தியைத் தேடுகிறவருக்கு இன்னொருவரின் நகல்தான் முதலில் கிடைக்கும்.

பூட்டிய கோப்பாக அனுப்புவது

லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாக ஏற்றுவது. பார்க்க அதிகாரபூர்வமாக இருக்கும், சரி. ஆனால் அது வெறும் படம். நிருபரால் ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது, பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது, தேடுபொறி அதிலிருந்து எதை எடுக்கும், எதைப் பிழையாக எடுக்கும் என்று உத்தரவாதம் இல்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பழைய, யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்லாத எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்கும் அந்தக் குவியல்தான் தெரிகிறது. சாதாரண இணையப் பக்கமாக, யூனிகோட் எழுத்தில் போடுங்கள். முத்திரை வேண்டுமென்றால் பிடிஎஃப் கூடுதலாக இருக்கட்டும்.

ஒரே உரையை எல்லா இடத்திலும் ஒட்டுவது

சமூக வலைத்தளத்துக்குப் பக்கம் பக்கமான குறிப்பு தேவையில்லை, அதிலிருக்கும் ஒரே ஒரு விஷயம் போதும். எந்தத் தளத்துக்கு எந்த விஷயம் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. லிங்க்ட்இன்னில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தின் அளவு முக்கியமாக இருக்கலாம். இன்ஸ்டாகிராமில் இருப்பவருக்கு அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்ற சின்ன வீடியோ.

லிங்க்கைப் பகிரும்போது தோன்றும் படமும் தலைப்பும் தற்செயலாக வருவதில்லை. எந்தத் தலைப்பு, எந்தப் படம் என்று பக்கத்தின் நிரலிலேயே சொல்லிவைக்கும், 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ‘ஓப்பன் கிராஃப்’ குறிகளை இன்று வாட்ஸ்அப் உட்படப் பல தளங்கள் படிக்கின்றன. அவற்றை நிரப்பாமல் விட்டால், பக்கத்தில் கண்ணில் படும் ஏதோ ஒரு படம், பெரும்பாலும் பாதி வெட்டுப்பட்ட லோகோ, உங்கள் செய்தியின் முகமாகப் போய் நிற்கும். 1200-க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் பெரும்பாலான இடங்களுக்குச் சரியாக இருக்கும். அந்தப் படம் ஐந்து பேர் வரிசையாக நின்று கைகுலுக்கும் புகைப்படமாக இல்லாமல் இருந்தால் கூடுதல் புண்ணியம்.

ஹேஷ்டேக் ஒன்றிரண்டு போதும், அதுவும் மக்கள் ஏற்கெனவே பயன்படுத்துவது. நீங்களே உருவாக்கிய பிரச்சார ஹேஷ்டேக்கை உங்கள் ஊழியர்கள் தவிர யாரும் தேடப்போவதில்லை. அப்புறம், ஆங்கில எழுத்துகளைத் தடித்தோ சாய்ந்தோ காட்ட விசேஷக் குறியீடுகளைப் பயன்படுத்தும் பழக்கம். அவை உண்மையில் கணிதக் குறிகள். திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிப்போகும் அல்லது ஒவ்வொன்றாக உளறும். தேடினாலும் சரியாகச் சிக்காது.

யாரும் பேசாத மேற்கோள்

“இந்தக் கூட்டணி எங்கள் பயணத்தில் ஒரு மைல்கல்.” இதை எந்த நிருபரும் எடுத்துப் போடமாட்டார். ஏன் இந்த முடிவு, யாருக்கு என்ன மாறும், இவற்றில் ஒன்றையாவது மேற்கோளுக்குரியவர் வாயால் சொல்லவையுங்கள். முடியாவிட்டால் மேற்கோளே வேண்டாம்.

‘இன்று’, ‘நாளை’, ‘விரைவில்’

அச்சில் நாளிதழின் தேதியே காப்பாற்றிவிடும். இணையத்தில் அதே குறிப்பு ஆறு மாதம் கழித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் தலைகாட்டும். “நாளையுடன் கடைசி” என்பதை நம்பி யாராவது அலைவார்கள். நாள், மாதம், வருடம் மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். ஊர்ப் பெயரும் அப்படித்தான்.

நேரம் தவறுவது

குறிப்பிட்ட மணி வரை வெளியிடக் கூடாது என்று நிருபர்களிடம் கேட்டுக்கொண்டு, அதே குறிப்பை முந்தின நாளே தளத்தில் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. முகப்பில் லிங்க் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். தேடுபொறிகளுக்காகத் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் அந்த முகவரி தானாகச் சேர்ந்திருக்கும், அல்லது போன தடவை முகவரியில் தேதியை மாற்றிப் பார்த்தாலே திறந்துவிடும்.

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் இன்னொரு சிக்கல். 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், மாதப் பார்வை நேரம் 100 கோடி மணியைத் தாண்டியது என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். முறைப்படியான குறிப்பு எதுவும் வரவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது. எந்தத் தளத்தில் அறிவிப்போம் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக ஊடகத்தில் அறிவிக்கலாம் என்று 2013 ஏப்ரலில் சொன்னது. உங்கள் நாட்டு விதி என்ன என்று சட்டப் பிரிவில் கேட்ட பிறகே பதிவிடுங்கள்.

வெளியான பிறகு

எண் ஒன்று தவறிவிட்டால் சத்தமில்லாமல் திருத்திவிட்டு நகர்வதுதான் பலரின் பழக்கம். தப்பான எண் அதற்குள் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றிக்கொண்டிருக்கும்; உங்கள் பக்கத்தில் வேறு எண் இருந்தால், மாற்றி மறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும். பக்கத்தின் மேலேயே எதை, எப்போது திருத்தினோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முகவரியை மாற்றாதீர்கள். ஃபேஸ்புக் பழைய தலைப்பையும் படத்தையும் நினைவில் வைத்திருக்கும் என்பதால் அவர்களின் ‘ஷேரிங் டீபக்கர்’ கருவியில் முகவரியைக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். தளத்தையே புதிதாக வடிவமைக்கும்போது பழைய குறிப்புகளைக் குப்பையில் போடாமல், பழைய முகவரியைத் திறப்பவர் தானாகவே புதியதுக்குப் போகும்படி நிரந்தரத் திசைமாற்றம் கொடுங்கள். ஐந்து வருடம் முன்பு நீங்கள் வெளியிட்டதை மேற்கோள் காட்டி ஒரு நாளிதழ் கொடுத்த லிங்க் இன்னும் அந்தப் பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.