கோல சிலாங்கூருக்கு ஒரு சாயங்காலம்: எத்தனை மணிக்கு எங்கே சாப்பிடுவது?

மலேசியாவின் கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறினால் ஆற்றோர ஊரான கோல சிலாங்கூர் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போகிறவர்கள் பெரும்பாலும் மின்மினி பார்க்கத்தான் போகிறார்கள். சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். படகை விட்டு இறங்கிய பிறகு பிள்ளைகள் பசியில் சிணுங்க, அடைத்துக்கொண்டிருக்கும் கடைகளைச் சுற்றி வருவது அதனால்தான். முதல் தடவை போகிறவர்கள் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய், வெள்ளி சைவம் என்றால் அந்த நாட்கள் வேண்டாம். மீன்பிடி ஊருக்குப் போய் காங்கோங் கீரை மட்டும் தின்றுவிட்டு வருவானேன்? வார நாளில் கூட்டம் குறைவுதான். ஆனால் கடைக்காரர்கள் ஏதாவது ஒரு நாள் லீவு விடுவார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சத்துக்கு மின்மினி எடுபடாது.

2. மதியம் அரை வயிறு

சுற்றிலும் தோட்டங்கள் இருந்த வட்டாரம், தமிழ்க் கடைக்குப் பஞ்சமில்லை. வாழை இலைச் சாப்பாட்டுக்கு, பன்னிரண்டரை மணிக்கு லோரி டிரைவர்களும் அலுவலக ஆட்களும் மேசை பிடிக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். போனில் தெரியும் நட்சத்திரங்களை விட இது நம்பகமானது. இரண்டாம் சோறு மட்டும் வேண்டாம். ஐந்தரை மணிக்கு மறுபடி உட்காரப் போகிறோம்.

3. புக்கிட் மெலாவத்தி

1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த குன்று. மேலே பழைய பீரங்கிகளும் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாதுவானவை, அவற்றின் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வால் நீண்ட பழுப்புக் குரங்குதான் பையைப் பறிக்கும். ஒரு மணி நேரம் போதும்.

4. ஐந்தரைக்குப் பாசிர் பெனாம்பாங்

இதுதான் முக்கியம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பினால் சிலாங்கூர் ஆற்றங்கரையில் சீனர்களின் மீன்பிடிக் கிராமம். கடல் உணவுக் கடைகள் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும், மீன்பிடிப் படகுகள் மேசைக்கு அருகிலேயே போகும். பொழுது சாய ஏழு மணிக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டம் வந்துவிடும் என்பதால் ஐந்தரைக்கே ஆற்றோர மேசையைப் பிடித்துவிடுங்கள்.

மெனுவில் மீனுக்கும் நண்டுக்கும் விலை போட்டிருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம். தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், "சத்து கிலோ பெராப்பா?" (ஒரு கிலோ எவ்வளவு?) என்று மலாயில் கேளுங்கள். மீனை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, எடையைப் பார்த்துவிட்டு, மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் தலையாட்டிவிட்டுப் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பதில் பயனில்லை.

நான்கு பேருக்கு ஒரு கிலோ அளவில் ஒரு சியாக்காப் (கொடுவா மீன்), அரைக் கிலோ இறால், ஒரு தட்டு லாலா (சிப்பி வகை), ஒரு கீரை. மீனைத் தியோச்சியூ என்ற சீனர் முறையில் அவிக்கச் சொல்லுங்கள். ஊறவைத்த கடுகுக்கீரை, தக்காளி, உப்புப் பிளம் எல்லாம் சேர்ந்த புளிப்பு ரசத்தில் மீன் மிதந்து வரும், சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம். லாலாவை 'காம் ஹியோங்' என்று சொல்லுங்கள். கறிவேப்பிலை, காய்ந்த இறால், மிளகாய், கறித்தூள் போட்டு வதக்குவார்கள், நம் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. சீஸ் நண்டு, வெண்ணெய் நண்டு எல்லாம் கோலாலம்பூரிலேயே கிடைக்கும். இங்கே வந்து அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

5. எட்டு மணிக்குக் கம்போங் குவாந்தான்

மின்மினி பார்க்கும் இடம் இந்தக் கிராமம்தான். இருட்டியதும் துடுப்புப் படகில் நான்கு நான்கு பேராக ஏற்றிப் போவார்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். பிளாஷ் கூடாது. கொசு மருந்தைக் காரிலேயே தடவிக்கொள்ளுங்கள், படகில் அடிக்காதீர்கள், மின்மினியும் பூச்சிதான்.

கார் இல்லாதவர்கள் திரும்பி வர வண்டியைப் பகலிலேயே பேசி வைத்துவிடுங்கள். இரவு படகுத்துறையில் நின்றுகொண்டு கிராப் செயலியில் வாடகைக் கார் தேட வேண்டாம்.